கோப்பின் முதல் பக்கத்தோடு நின்றுவிடாதீர்கள்

சென்ற மாதம் ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுக் குழுவில் வெளி வல்லுநராக அமர்ந்திருந்தேன். பல ஆண்டுகளை அகழாய்வுக் குழிகளில் கழித்த ஒருவரின் விண்ணப்பம் வந்தது. முதல் பக்கத்தில் ‘எச்-இன்டெக்ஸ் 4’ என்ற வரியைக் கண்டதும் பக்கத்திலிருந்த உறுப்பினர் கோப்பை மூடி வைத்துவிட்டார். விண்ணப்பதாரர் உடனிருந்து எழுதிய இரண்டு அகழாய்வு அறிக்கைகள் பின்னிணைப்பில் இருந்தன. அவற்றை யாரும் திறக்கவில்லை. இது முதல் முறையாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

எச்-இன்டெக்ஸ் என்பது, ஓர் ஆய்வாளரின் வெளியீடுகளைப் பிறர் தம் ஆய்வுகளில் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதைக் கொண்டு அவரை மதிப்பிட, 2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்மொழிந்த அளவு. தலா பத்து மேற்கோளாவது பெற்ற வெளியீடுகள் ஒருவருக்குப் பத்து இருந்தால் அவருடைய எண் 10. இந்தக் கணக்கைச் சற்று நிதானமாகப் போட்டுப் பாருங்கள். வாழ்நாளெல்லாம் உழைத்து ஒரே ஒரு நூல் எழுதி, அதை ஆயிரம் பேர் எடுத்தாண்டாலும் அந்த அறிஞரின் எண் 1தான். ஐந்து சிறு கட்டுரைகளை எழுதி, ஒவ்வொன்றையும் நண்பர்கள் ஐந்து பேர் சுட்டிக்காட்டினால் எண் 5. அப்படியானால் பின்னவர் முன்னவரைவிட ஐந்து மடங்கு பெரியவரா? கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் 1960களில் மலைக்குகைகளில் ஏறிப் படியெடுக்கத் தொடங்கிய தமிழ்-பிராமிக் கல்வெட்டுகள், மீண்டும் கள ஆய்வு செய்யப்பட்டு, 2003இல்தான் முழுமையான நூலாக வந்தன. தமிழ்-பிராமி பற்றி எழுதும் எவரும் அந்நூலைத் தாண்டிப் போக முடியாது. எச்-இன்டெக்ஸுக்கோ அது ஓர் உருப்படி, அவ்வளவே.

ஓர் ஆய்விதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெறுகின்றன என்று காட்டும் தாக்கக் காரணியும் (இம்பேக்ட் ஃபேக்டர்) நம் தொல்லியல் துறைக்குப் பொருந்தாது. வழக்கமான தாக்கக் காரணி முந்தைய இரண்டு ஆண்டுகளின் கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்களை மட்டுமே எண்ணுகிறது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டியதன் அறிக்கை 1946இல் வெளியானது. ரோமானிய வணிகம் பற்றி எழுதுவோர் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள், அதனோடு சண்டையும் போடுகிறார்கள். அதிரம்பாக்கத்தில் 1999இல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்த பழங்கற்காலக் கருவிகளின் காலக்கணிப்பு 2011இல் ‘சயன்ஸ்’ இதழிலும் 2018இல் ‘நேச்சர்’ இதழிலும் வந்தது. மண்ணடுக்கு நம்முடைய ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்துக்காகக் காத்திருப்பதில்லை.

மற்றொரு குழப்பம், கூட்டாசிரியர்கள் பற்றியது. தெற்கு, நடு ஆசியத் தொன்மரபணுக்கள் குறித்து 2019இல் ‘சயன்ஸ்’ வெளியிட்ட கட்டுரையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆசிரியர்கள். அது சிறந்த கட்டுரைதான், ஆனால் அதன் மேற்கோள்கள் அத்தனை பேரின் கணக்கிலும் முழுமையாக ஏறுகின்றன. தனியாளாக ஒரு மாவட்டத்தின் ஈமச்சின்னங்களை நடந்தே பதிவு செய்தவரை அந்த எண்ணோடு ஒப்பிடுவது எந்த வகையில் நியாயம்? தவிர, மேற்கோள்களை எண்ணும் தரவுத்தளங்களில் எதன் எண் என்று கேட்கும் குழுவை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். ஒருவருக்கே ஸ்கோபஸ் ஓர் எண்ணும் கூகுள் ஸ்காலர் அதைவிடப் பெரிய எண்ணும் காட்டுவது வழக்கம். தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் வெளியிடும் ‘ஆவணம்’ இதழில் முதன்முதலாக அச்சேறிய கல்வெட்டுகள் எத்தனையோ. தரவுத்தள எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அந்த உழைப்பு கண்ணில் படாது.

தேர்வுக் குழுவினர் செய்ய வேண்டியது எளிது. விண்ணப்பதாரரிடம் அவருடைய சிறந்த மூன்று வெளியீடுகளைக் கேட்டு வாங்கி, நேர்காணலுக்கு முன்பே படித்துவிட்டு வாருங்கள். படிக்க நேரமில்லை என்பவர் குழுவில் உட்கார வேண்டாம்.

ஆய்வு மாணவர்களுக்கும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். ‘ஏழு நாளில் வெளியீடு’ என்று மின்னஞ்சல் அனுப்பிப் பணம் கேட்கும் இதழுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏற்கத்தக்க ஆய்விதழ்களைக் குறித்த தன் ‘கேர்’ பட்டியலைக் கைவிட்டதாகப் பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் அறிவித்துவிட்டது. எனவே பட்டியலில் இருந்தது என்ற சாக்கு இனி எடுபடாது. அகழாய்வு அறிக்கையிலிருந்து பானையோட்டு வரைபடத்தை எடுத்துக்கொண்டு, அடிக்குறிப்பில் செய்தித்தாளின் பெயரைப் போடும் வழக்கத்தை, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள். நம்மவரின் மேற்கோள் எண்ணிக்கை குறைவாக இருப்பதற்கு நம் சொந்தக் கைங்கரியமும் ஒரு காரணம்.

பெயர் விஷயத்திலும் கவனம் தேவை. தந்தையின் பெயரை முன்னெழுத்தாகப் போடும் நம் வழக்கம் தரவுத்தளங்களுக்குப் புரிவதில்லை. ஒரு கட்டுரையில் முன்னெழுத்தை முன்னாலும், அடுத்ததில் பின்னாலும், மூன்றாவதில் அதை விரித்தும் எழுதினால், கணினி உங்களை மூன்று ஆட்களாகப் பிரித்து மேற்கோள்களையும் பங்கு போட்டுவிடும். முதல் கட்டுரையை அனுப்பும் முன்பே ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, ஆய்வாளரைத் தனித்து அடையாளம் காட்டும், கட்டணமில்லாத ஆர்க்கிட் (ORCID) எண் ஒன்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை, இன்றே முடித்துவிடலாம்.