திரையில் 24, ரேக்கில் 3

2023 டிசம்பர் 2, சனிக்கிழமை. மிக்ஜாம் புயல் வங்கக்கடலில் உருவாகிக்கொண்டிருந்தது, சென்னைக்கும் சுற்று மாவட்டங்களுக்கும் கனமழை எச்சரிக்கை வந்தாயிற்று. தாம்பரத்தைத் தாண்டி ஒரு மளிகை சூப்பர் மார்க்கெட்டுக்கு நான் ஸ்டாக் மென்பொருள் அமைத்துக் கொடுத்திருந்தேன். அதன் உரிமையாளரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். எதையெல்லாம் அவசரமாக வரவழைக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். தண்ணீர் கேன், மெழுகுவத்தி, பிரெட், தீப்பெட்டி எல்லாவற்றுக்கும் ஆர்டர் போட்டோம். பால் பவுடர் அரைக் கிலோ பாக்கெட் 24 இருப்பதாகத் திரை காட்டியது. இது போதும் என்று நான்தான் சொன்னேன்.

ஞாயிறு ராத்திரியும் திங்களும் கொட்டிய மழை உங்களுக்கு நினைவிருக்கும். கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை, பல தெருக்களுக்குப் பால் வண்டி வரவில்லை. புதன்கிழமை லைன் கிடைத்ததும் அண்ணாச்சி கூப்பிட்டார். "தம்பி, 24 இருக்குன்னு சொன்னீங்களே, ரேக்குல மூணுதான் இருந்துச்சு" என்றார். முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து கேட்டவர்களிடம் இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதில் கைக்குழந்தையோடு வந்த ஒரு அம்மாவும் உண்டு. அண்ணாச்சி கோபமாகப் பேசியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை, வருத்தமாகச் சொன்னார்.

சரக்கு வரத்து தடைபடும்போது தொழில்நுட்பம் எப்படிக் கைகொடுக்கும் என்று பேச்செடுத்தாலே செயற்கை நுண்ணறிவு, தேவையைக் கணிக்கும் மென்பொருள், லாரியை நேரலையில் காட்டும் வரைபடம் என்று போய்விடுகிறோம். அவையெல்லாம் உண்மையிலேயே உதவுகின்றன, நானே அமைத்துக் கொடுக்கிறேன். ஆனால் திரையில் இருக்கிற எண்ணும் ரேக்கில் இருக்கிற எண்ணும் ஒன்றாக இல்லாத கடையில் இவற்றில் எதுவும் நிற்காது. சாதாரண நாளில் இந்தப் பிழை வெளியே தெரியாது, ஏனென்றால் நாளைக்கே கடைக்குச் சரக்கு போடும் ஏஜென்சியின் வண்டி வந்து குறையை மூடிவிடும். வண்டி வராத வாரத்தில்தான் அது வெளிச்சத்துக்கு வரும்.

அந்த 21 பாக்கெட் எங்கே போனது என்று பிறகு உட்கார்ந்து தேடினோம். திருட்டு எதுவும் நடக்கவில்லை. ஏஜென்சி பில்லில் இரண்டு பெட்டி இருந்தது, வண்டியில் இருந்து இறங்கியது ஒரு பெட்டி. பில்லைப் பார்த்து என்ட்ரி போட்டார்கள், சரக்கை எண்ணிப் போடவில்லை. அதில் 12 போயிற்று. மீதி 9 பாக்கெட் கவுன்டரில் 200 கிராம் பாக்கெட் என்ற பெயரில் பில் ஆகியிருந்தது. இது எல்லாக் கடையிலும் நடப்பதுதான். மூன்று வகை பிஸ்கட் எடுத்து வந்தால் விலை ஒன்றுதானே என்று ஒன்றை மட்டும் ஸ்கேன் செய்து 3 என்று தட்டுவார்கள். பில் தொகை சரியாக வரும், ஸ்டாக் மூன்று இடத்தில் தப்பாகும். 50 கிலோ சர்க்கரை மூட்டையைப் பிரித்து ஒரு கிலோ, அரைக் கிலோ என்று பேக்கிங் போட்டுவிட்டு, அதைக் கணினியில் மாற்றிப் போட மறந்தால் மூட்டை அப்படியே இருப்பதாகவே திரை காட்டிக்கொண்டிருக்கும்.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. சரக்கு இறங்கும்போதே செல்போன் கேமராவால் பார்கோடை ஸ்கேன் செய்து எண்ணிக்கை போடும் வசதி பல பில்லிங் மென்பொருள்களில் இருக்கிறது, யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. இன்னொன்று, நான் போகிற கடைகளில் எல்லாம் முதல் வேலையாக எழுதிக் கொடுக்கும் சின்ன ரிப்போர்ட்: தினமும் விற்கிற பொருள், திரையில் ஸ்டாக் இருக்கிறது, ஆனால் மூன்று நாளாக ஒன்றுகூட விற்கவில்லை. இந்தப் பட்டியலில் வருகிற பொருள் பெரும்பாலும் ரேக்கில் இருக்காது. குடோனில் எதற்கோ அடியில் மாட்டியிருக்கும், இல்லையென்றால் கணக்கிலேயே தப்பு இருக்கும். காலையில் கடை திறந்ததும் ஒரு பையனை அனுப்பிப் பார்க்கச் சொன்னால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எண் சரியான பிறகுதான் மற்ற கணக்குகளுக்கு வர முடியும். உதாரணமாக, ஆர்டர் போட்டு எத்தனை நாளில் சரக்கு வருகிறது என்ற கணக்கு. கேட்டால் "மூணு நாள்" என்பார்கள். ஆர்டர் தேதியையும் இறங்கிய தேதியையும் மென்பொருளில் இருந்து எடுத்துப் பார்த்தால் இரண்டு நாளும் இருக்கும், ஏழு நாளும் இருக்கும். ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட் நாளைக்கு 40 விற்கிறது, மூன்று நாளில் வந்துவிடும் என்றால் 120 பாக்கெட் மிஞ்சும்போது ஆர்டர் போட்டால் போதும் என்றுதான் தோன்றும். மோசமான வாரத்தில் நாளைக்கு 60 விற்று, சரக்கும் ஏழு நாள் கழித்து வந்தால் 420 வேண்டும். வித்தியாசம் 300 பாக்கெட். இந்த 300ஐத்தான் பாதுகாப்பு ஸ்டாக் என்கிறோம். எல்லாப் பொருளுக்கும் இப்படி வைத்தால் முதல் முழுக்க முடங்கிப் போகும், எக்ஸ்பயரியும் ஆகும். அரிசி, பருப்பு, எண்ணெய், பால் பவுடர், நாப்கின் போன்ற, இல்லையென்றால் ஒரு வீடு தவித்துப் போகும் நூறு பொருளுக்கு வைத்தால் போதும். எந்த நூறு என்பதைக் கடைக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும், அதை மென்பொருளிடம் விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம் பயத்தில் போடும் ஆர்டர். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய் வரத்து சிக்கலானது, ஏப்ரல் 28 முதல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. நாம் சமைக்கும் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் இருந்து வருகிறது, அதனால் கடைகளில் பதற்றம் உடனே தெரிந்தது. ஒன்று வாங்குகிறவர் மூன்று வாங்கினார், கடைக்காரர் நூறு கேட்கும் இடத்தில் முந்நூறு கேட்டார், ஏஜென்சி பாதி வெட்டிக் கொடுக்கும் என்று தெரிந்து அடுத்த தடவை அறுநூறு கேட்டார். மே 23இல் தடை நீங்கியது. ஜூன், ஜூலையில் உலகச் சந்தையில் விலை சரசரவென இறங்கியது. கேட்ட அறுநூறும் அப்போதுதான், ஏறியிருந்த பழைய விலையில் வந்து இறங்கின. இதைச் சாட்டை விளைவு என்பார்கள். சாட்டையின் பிடியைக் கொஞ்சம் அசைத்தால் நுனி எகிறும் இல்லையா, அதேதான். பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் குழந்தைகள் டயபர் விற்பனையில் இதைக் கவனித்தது: குழந்தைகள் பயன்படுத்தும் அளவு ஏறக்குறைய மாறுவதே இல்லை, ஆனால் கடை, மொத்த வியாபாரி, தொழிற்சாலை என்று மேலே போகப் போக ஆர்டர் மட்டும் தாறுமாறாக ஆடியது.

இங்கே தொழில்நுட்பம் செய்யக்கூடிய நல்ல காரியம், கவுன்டரில் தினமும் உண்மையில் எவ்வளவு விற்றது என்பதை ஏஜென்சியும் பார்க்கும்படி செய்வது. ஆர்டரைப் பார்த்துச் சரக்கைப் பங்கு போட்டால் அதிகம் பயந்தவருக்கு அதிகம் போகும், விற்பனையைப் பார்த்துப் பங்கு போட்டால் எல்லாக் கடைக்கும் ஓரளவு கிடைக்கும். கணக்கைக் காட்டினால் நம் வியாபாரம் அடுத்த கடைக்குத் தெரிந்துவிடும் என்று பல கடைக்காரர்கள் தயங்குகிறார்கள். நியாயமான பயம்தான். எல்லாவற்றையும் காட்ட வேண்டாம், அந்த ஏஜென்சியின் பொருள் விற்ற கணக்கை மட்டும் காட்டலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், இதில் பெரிய சங்கிலிக் கடைகளும் சறுக்கிப் பார்த்திருக்கிறேன். கணிப்பு மென்பொருள் பழைய விற்பனையை வைத்துத்தான் அடுத்த வாரத்தைச் சொல்கிறது. புயலில் கடை மூன்று நாள் மூடியிருந்தால் விற்பனை பூஜ்யம். பொருள் தீர்ந்துபோன நாளிலும் பூஜ்யம். வாங்க ஆள் இல்லை என்று மென்பொருள் புரிந்துகொண்டு ஆர்டரைக் குறைத்துவிடும், அதுவும் சரியாக ஜனங்கள் அலைமோதும் வாரத்தில். அந்த நாள்களைக் கணக்கில் எடுக்காதே என்று நாம்தான் குறித்து வைக்க வேண்டும். உங்கள் மென்பொருளில் அந்த வசதி இருக்கிறதா என்று விற்க வருகிறவரிடம் கேளுங்கள். நெட் இல்லாமல் பில் போட முடியுமா என்பதையும் கேளுங்கள், சொன்னதை நம்பாமல் வைஃபையை அணைத்துவிட்டு அவர் கண் முன்னாலேயே ஒரு பில் போட்டுப் பாருங்கள்.

2020 மே 5ஆம் தேதி கோயம்பேடு சந்தையை மூடியபோது, காய்கறிக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் நம்பியிருந்தவர்கள் திருமழிசையில் தற்காலிகச் சந்தை தொடங்கும் வரை திண்டாடினார்கள். தோட்டக்காரர்களின் எண்களை ஏற்கனவே செல்போனில் வைத்திருந்த சிலர் வாட்ஸாப்பிலேயே லோடு பேசி வரவழைத்தார்கள். ஒவ்வொரு முக்கியப் பொருளுக்கும் இரண்டாவது ஆள் யார், அவர் என்ன விலை சொன்னார், எத்தனை நாளில் கொடுத்தார் என்று பதிந்து வைக்கப் பல மென்பொருள்களில் இடம் இருக்கும். சும்மா இருக்கும் மாதங்களிலும் அவரிடம் கொஞ்சமாவது வாங்குங்கள், அப்போதுதான் நெருக்கடியில் போனை எடுப்பார்.

அண்ணாச்சி கடையில் இப்போது காலை எட்டு மணிக்குத் தினமும் பத்துப் பொருள் எண்ணுகிறார்கள். அந்த நூறு பொருளையும் பத்து நாளில் ஒரு சுற்று முடித்துவிடுகிறார்கள். போன மழைக்காலத்துக்கு முன்னால் போயிருந்தேன். "இன்னைக்கு பால் பவுடர் நீங்களே எண்ணுங்க தம்பி" என்று ஸ்கேனரை என் கையில் கொடுத்தார். திரையில் 48 இருந்தது. ரேக்கில் 30, குடோனில் 18.