மூங்கிலில் எழுதிய தத்துவம் பிழைத்த விதம்

கி.மு. 26-இல் சீனாவின் ஹான் பேரரசர் செங், அரண்மனை நூலகத்தைச் சீர்செய்யும் வேலையை லியூ சியாங் என்ற அறிஞரிடம் ஒப்படைத்தார். சுன்ட்சி என்ற தத்துவவாதியின் பெயரில் மட்டும் 322 இயல்கள் சேர்ந்தன. ஒத்துப் பார்த்தால், 290 இயல்கள் ஒன்றுக்கொன்று மறுபிரதிகள். அவற்றைக் கழித்துவிட்டு 32 இயல்களை நூலாக்கினார். இன்றைக்கும் சுன்ட்சியின் நூலில் இருப்பவை அந்த 32 இயல்கள்தான்.

ஒரே ஆளின் எழுத்து இப்படிச் சிதறிக் கிடக்கக் காரணம் மூங்கில். காகிதம் புழக்கத்துக்கு வராத காலம் அது. மூங்கிலை மெல்லிய பட்டைகளாகச் சீவி, நெருப்பில் வாட்டி ஈரத்தைப் போக்குவார்கள். ஒரு பட்டையில் ஒரே வரி, பெரும்பாலும் இருபது, முப்பது எழுத்துகள். தப்பாக எழுதிவிட்டால் கத்தியால் சுரண்டிவிட்டு மேலேயே எழுதலாம். பட்டைகளைக் கயிற்றால் கோத்துச் சுருட்டினால் ஒரு கட்டு. பெரிய நூல் என்றால் கட்டுகளைத் தூக்கவே ஆள் வேண்டும். அதனால் இயல்கள் தனித்தனியாகச் சுற்றின. கிடைத்ததை அவரவர் படியெடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

கயிறு மக்கினால் வரிசையும் போச்சு. 1993-இல் ஹூபெய் மாகாணத்தின் குவோதியனில், சுமார் கி.மு. 300-ஐச் சேர்ந்த ஒரு கல்லறையில், தாவோ வழியினரின் மூலநூலான லாவோட்சே நூலின் பகுதிகள் மூங்கில் பட்டைகளில் கிடைத்தன. கயிறு மிஞ்சவில்லை. பட்டையின் நீளம், முனை வெட்டிய விதம், கயிறு கட்டிய தடங்களின் இடைவெளி ஆகியவற்றை வைத்து ஆய்வாளர்கள் அவற்றை மூன்று கட்டுகளாகப் பிரித்தார்கள். வரிசை இன்றைய நூலைப் போல இல்லை. கி.மு. 168-இல் மூடப்பட்ட மாவாங்துய் கல்லறையில் கிடைத்த, அதே நூலின் பட்டுத்துணிப் பிரதிகளிலோ, இன்று இரண்டாவதாக வரும் பாதி முதலில் நிற்கிறது.

சரி, பழைய நூல்கள் அழிந்ததற்கு நூல் எரிப்புதான் காரணம் என்பார்களே? கி.மு. 213-இல் சின் பேரரசு அதைச் செய்தது உண்மைதான். ஆனால் மருத்துவம், குறிசொல்லுதல், வேளாண்மை நூல்களுக்கு விலக்கு இருந்தது; அரசவை அறிஞர்களும் தங்கள் பிரதிகளை வைத்துக்கொள்ளலாம். கி.மு. 206-இல் கிளர்ச்சித் தலைவர் சியாங் யூ தலைநகர் அரண்மனைகளுக்கு வைத்த தீயும் குறைந்ததல்ல என்பேன். இந்த இரண்டையும்விடக் கொடியது, படியெடுக்க ஆளில்லாமல் போவது.

கன்ஃபூசியஸ் வழியினருக்கு அந்தக் கவலை இல்லை. கி.மு. 136-இல் பேரரசர் வூ அவர்களுடைய ஐந்து மூலநூல்களுக்கு அரசு ஆசிரியர்களை நியமித்தார். படித்தால் பதவி கிடைக்கும். பிறகென்ன, படியெடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

அவர்களுக்குச் சமமாக ஒரு காலத்தில் மோதியவர்கள் மோட்ஸி என்ற தத்துவவாதியின் சீடர்கள். படையெடுப்பைக் கண்டித்தவர்கள், முற்றுகைக்குள்ளான நகரங்களைக் காப்பதில் கைதேர்ந்தவர்கள். நாடு ஒன்றான பின் அந்தத் திறமைக்கு வேலை இல்லை. ஹான் காலப் பட்டியலில் 71 இயல்களாக இருந்த அவர்கள் நூலில் இப்போது இருப்பது 53. அதுவும் தாவோ மதத் தொகுப்பு ஒன்றில் எப்படியோ ஒட்டிக்கொண்டதால் தப்பியது. 1783-இல் பி யுவான் என்ற அறிஞர் உரைக்குறிப்புகளோடு பதிப்பித்த பிறகுதான் அறிஞர்கள் அதை ஊன்றிப் படிக்கத் தொடங்கினார்கள். சிறு துளை வழியே வரும் ஒளி உருவத்தைத் தலைகீழாகக் காட்டுவதைப் பற்றிய குறிப்பும் அதில்தான், வரிகள் குழம்பிய நிலையில், கிடந்தது.