அஞ்சு ஸ்பீக்கர் இருக்கு, ஆனா ஆளு பேசுறது மட்டும் கேக்கல

போன மாசம் திருநகர்ல ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். போன்லயே அந்த அண்ணன் கடுப்பாத்தான் பேசினார். "தம்பி, டிவிடி போட்டா மியூசிக் பிச்சிக்கிட்டு வருது, சண்டை சத்தம் வருது, ஆனா ஆளு பேசுறது மட்டும் கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு, வந்து என்னன்னு பாருங்க"ன்னார். அதுக்கு முன்னாடியே ஒரு கடையில குடுத்து பிளேயருக்கு லென்ஸ் மாத்தி காசும் குடுத்திருக்கார், வீட்டுக்குக் கொண்டாந்து போட்டா அதே கெணறு.

லென்ஸ் போனா படம் சிக்கும், கட்டம் கட்டமா உடையும், இல்ல 'நோ டிஸ்க்'னு காட்டும். படமும் மியூசிக்கும் நல்லா ஓடிக்கிட்டு பேச்சு மட்டும் காணாம போச்சுன்னா அதுக்கும் லென்ஸுக்கும் சம்பந்தமே இல்ல, இத மொதல்ல மனசுல வச்சுக்கங்க.

பிளேயரைத் திருப்பிப் பாத்தேன். பின்னாடி 5.1-க்குன்னு, அதாவது அஞ்சு ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும், ஆறு ஆடியோ ஓட்டை, அதுல ரெண்டுல மட்டும் ஒயர், ஃப்ரண்ட் லெஃப்ட்டும் ஃப்ரண்ட் ரைட்டும். மிச்ச நாலும் காலி. ரிமோட்ல செட்டப் மெனுக்குள்ள போய் ஸ்பீக்கர் செட்டப்ல பாத்தா, ஆறு சத்தத்தையும் ரெண்டுல சேத்துக் குடுக்குற டவுன்மிக்ஸ் 'ஆஃப்'ல இருக்கு. அதாவது பிளேயர் ஆறு சத்தத்தையும் ஆறு ஓட்டைக்குப் பிரிச்சு அனுப்புது, படத்துல பேச்சுல முக்கால்வாசி நடு ஸ்பீக்கருக்குத்தான் வரும், அந்த சென்டர் ஓட்டையில ஒயரே சொருகல. பேச்சு வந்து வாசல்ல நிக்குது, கதவத் தொறக்க ஆள் இல்ல. டவுன்மிக்ஸ ஸ்டீரியோன்னு மாத்துனேன், அடுப்படியில இருந்து அக்கா குரல் குடுத்தாங்க, "ஏங்க, இப்ப பேசுறது கேக்குது!" அப்புறம் மிச்ச நாலு ஒயரும் போட்டு, டவுன்மிக்ஸ திரும்ப ஆஃப்ல வச்சு, ஆம்ப்ளிஃபயர்ல 5.1 இன்புட்டத் தேர்ந்தெடுத்துக் குடுத்தேன். ரிமோட்டத் தேடுன நேரம் போக அரை மணி நேர வேலை.

பதினஞ்சு வருசத்துக்கு மேல இந்தத் தொழில்ல இருக்கேன், நூறு வீட்டுக்குப் போனா பாதி வீட்டுல ஸ்பீக்கர் ரிப்பேரே இருக்காது. டிஸ்க்குல ஆறு பாதையா இருக்குற சத்தம் காதுக்கு வர்ற வரைக்கும் ஆறாவே வரணும், நடுவுல எங்கயோ ஒரு எடத்துல ரெண்டா சுருங்கிருக்கும், அது எந்த எடம்னு கண்டுபுடிக்கிறதுதான் வேலையே. அதனால புது ஸ்பீக்கர் வாங்க கடைக்கு ஓடாதீங்க, டிஸ்க்குல இருந்து ஒவ்வொரு எடமா தேடிக்கிட்டே வாங்க.

மொதல்ல டிஸ்க். அட்டைக்குப் பின்னாடி 'டால்பி டிஜிட்டல் 5.1' இல்ல 'டிடிஎஸ்'னு போட்டிருக்கான்னு பாருங்க, டால்பி டிஜிட்டல்னு மட்டும் இருந்தா பத்தாது, ரெண்டே சேனல் இருக்குற 2.0-வும் அதே பேர்லதான் வரும். ஒரே டிஸ்க்குல அஞ்சு படம்னு ரோட்டோரம் வாங்குனீங்கன்னா அதுல பெரும்பாலும் ஸ்டீரியோதான், அத வச்சு பின் ஸ்பீக்கர் வேலை செய்யலன்னு என்னைக் கூப்புடாதீங்க. டிஸ்க் மெனுல ஆடியோன்னு தனியா ஒரு பக்கம் இருக்கும், நேரா 'பிளே' அமுக்குனா பல டிஸ்க் ஸ்டீரியோவத்தான் எடுத்துக்கும், உள்ள போய் 5.1-ஐத் தேர்ந்தெடுக்கணும். டிடிஎஸ் தேர்ந்தெடுத்தா சத்தமே வரலன்னா பயப்படாதீங்க, வெலை கொறஞ்ச பல பிளேயர்ல டிடிஎஸ்ஸ ஆறு சத்தமா பிரிக்கிற டீகோடர் இருக்காது, டால்பிக்கு மாத்திப் பாருங்க.

அடுத்தது பிளேயர் மெனு, அதிகமா மாட்டிக்கிறது இங்கதான். ஆடியோ செட்டப்ல டிஜிட்டல் ஆடியோ அவுட்டுக்குன்னு 'எஸ்பிடிஐஎஃப் ஆஃப்', 'எஸ்பிடிஐஎஃப் ரா', 'எஸ்பிடிஐஎஃப் பிசிஎம்'னு மூணு இருக்கும். ஆப்டிகல் இல்ல கோஆக்ஸியல் ஒயர் போட்டிருக்குறவங்க ராவுல வைக்கணும், சில பிளேயர்ல அதையே பிட்ஸ்ட்ரீம்னு போட்டிருப்பான். பிசிஎம்ல வச்சா அந்த ஒயர்ல ரெண்டு சேனல் மட்டும்தான் போகும், ஆறும் போகவே போகாது. ஆம்ப்ளிஃபயர் டிஸ்பிளே இதக் காட்டிக் குடுத்துரும், படம் ஓடும்போது 'டால்பி டி'ன்னோ 'டிடிஎஸ்'னோ எரிஞ்சா சரி, 'பிசிஎம்'னு எரிஞ்சா பெரும்பாலும் இந்த செட்டிங்தான். ப்ளூரே பிளேயரா இருந்தா 'செகண்டரி ஆடியோ'ன்னு ஒண்ணு இருக்கும், அத ஆஃப் பண்ணிடுங்க, ஆன்ல இருந்தா ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டிங்கிற ஒசந்த தர ஆடியோவெல்லாம் சாதா டால்பி, டிடிஎஸ்ஸா எறங்கிரும்.

இதுல ஒரு விஷயம், நம்மூர்ல ஆள வச்சு அசெம்பிள் பண்ணி வாங்குற 5.1 ஆம்ப்ளிஃபயர்ல பலதுல டீகோடரே இருக்காது. ஆறு ஆர்சிஏ இன்புட், அதாவது ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு ஓட்டை, குடுத்திருப்பாங்க, பிளேயர்ல ஆறு அவுட் இருந்தா நேரா போட்டுக்கலாம். பிளேயர்ல அது இல்லன்னா தனியா டீகோடர் பெட்டி ஒண்ணு நடுவுல போட்டாகணும். 'ப்ரோலாஜிக்' போர்டு இருக்கு அண்ணேன்னு சொல்லுவாங்க, அது ரெண்டு சேனலப் பிச்சு அஞ்சா காட்டுறது, கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா டிஸ்க்குல தனியா பதிவாகியிருக்குற 5.1 அது இல்ல. ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லி காசு வாங்குறதுலதான் எனக்குக் கோவம்.

வாட்ஸ் கதையும் அப்படித்தான். பெட்டிமேல 10000 வாட்ஸ் பிஎம்பிஓன்னு, விளம்பரத்துக்கு ஊதிவிட்ட கணக்கு ஒண்ணு போட்டிருப்பான். 230 வோல்ட்ல நெசமாவே 10000 வாட்ஸ் இழுத்தா 43 ஆம்பியர் வேணும், உங்க ஹால் பிளக் பாயிண்ட் 6 ஆம்பியர். அசெம்பிள் செட்டுல நெறைய எடத்துல கெடக்குற 4440 ஐசிய எடுத்துக்கங்க, ஸ்டீரியோல சேனலுக்கு 6 வாட்ஸ், ரெண்டு சேனலையும் ஒண்ணா சேத்து பிரிட்ஜ் பண்ணா 19 வாட்ஸ், கம்பெனி டேட்டாஷீட்டே அவ்வளவுதான் சொல்லுது. ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து குடுக்குற நெச வாட்ஸ், எவ்வளவுன்னு கேளுங்க, கடைக்காரர் பேச்ச மாத்துனா நீங்க கடைய மாத்துங்க.

ஒயருக்கு வருவோம். ப்ளூரே வச்சிருக்கீங்க, ஆம்ப்ளிஃபயர்ல எச்டிஎம்ஐ இருக்குன்னா பிளேயர்ல இருந்து நேரா ஆம்ப்ளிஃபயருக்கு, அங்கருந்து டிவிக்கு. நெறைய பேரு பிளேயர டிவில சொருகிட்டு, டிவியோட ஆப்டிகல்ல இருந்து ஆம்ப்ளிஃபயருக்கு எடுப்பாங்க, பல டிவி அந்த எடத்துல ஸ்டீரியோவா சுருக்கித்தான் வெளிய விடும். ட்ரூஎச்டி மாதிரி ஆடியோவெல்லாம் ஆப்டிகல்ல போகவும் போகாது, அதுக்கு எச்டிஎம்ஐதான். எச்டிஎம்ஐ இல்லாத ஆம்ப்ளிஃபயர்னா படத்துக்கு டிவிக்கு எச்டிஎம்ஐ, சத்தத்துக்கு பிளேயர்ல இருந்தே தனியா ஆப்டிகல் இல்ல கோஆக்ஸியல்.

ஆப்டிகல் ஒயர் முனையில சின்னதா ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், கண்ணாடி மாதிரி, கண்ணுக்கே தெரியாது. அதக் கழட்டாம அமுக்கிச் சொருகிட்டு சத்தம் வரலன்னு சொன்ன வீடு எனக்கே ஏழெட்டு தெரியும். மூடியக் கழட்டி ஒரு பக்கம் பிளேயர்ல சொருகுங்க, இன்னொரு முனையில செவப்பா வெளிச்சம் தெரியணும், தெரியலன்னா பிளேயர் மெனுல எஸ்பிடிஐஎஃப் ஆஃப்ல இருக்கான்னு பாருங்க.

ஸ்பீக்கர் ஒயர் 40/76, அதாவது 40 இழை உள்ளது போடுங்க, ஹால் சைஸுக்கு அது தாராளம். ஒயரத் தொடுறதுக்கு முன்னாடி பிளக்கையே புடுங்கிருங்க. பிசிறு இல்லாம முறுக்கிச் சொருகணும், செவப்புல இருந்து ஒரே ஒரு கம்பி கறுப்பத் தொட்டாலும் ஆம்ப்ளிஃபயர் ப்ரொடெக்ஷனுக்குப் போயிரும், அந்த சர்க்கியூட் இல்லாத அசெம்பிள் செட்டுன்னா ஐசியே போயிரும். செவப்புக்குச் செவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு ஸ்பீக்கர்ல மட்டும் மாறிப் போச்சுன்னா சத்தம் வரும், ஆனா பேஸ் காணாம போகும், பேச்சு எங்கருந்து வருதுன்னு காது தடுமாறும். கலர் அழிஞ்ச பழைய ஸ்பீக்கர்னா ஆம்ப்ளிஃபயர்ல இருந்து ஒயரக் கழட்டிட்டு அந்த முனையில ஒரு பென்சில் பேட்டரிய ஒரு நொடி மட்டும் தொட்டுப் பாருங்க, வூஃபர் கூம்பு வெளிய தள்ளுச்சுன்னா பேட்டரி பிளஸ் தொட்ட ஒயர்தான் செவப்பு. ட்வீட்டர்ல இத செய்யாதீங்க. ஆம்ப்ளிஃபயர் எத்தன ஓம்ஸ் தாங்கும்னு பின்னாடியே எழுதியிருக்கும், ஒரே ஓட்டையில ரெண்டு 8 ஓம்ஸ் ஸ்பீக்கர இணைச்சா அது 4 ஓம்ஸ் ஆயிரும், அது தாங்காத செட்டுன்னா கொஞ்ச நேரத்துல கை வைக்க முடியாத அளவுக்கு சுடும்.

ஸ்பீக்கர எங்க வைக்கிறதுன்னு கேட்டா, நம்ம வீடுகள்ல பின் ஸ்பீக்கர் ரெண்டும் பரண் மேலதான் இருக்கும். கோயில் குழாய் மாதிரி மேல இருந்து சத்தம் கொட்டும். நீங்க உக்காருற எடத்துல இருந்து டிவிய நேரா பாருங்க, முன் ஸ்பீக்கர் ரெண்டும் ரெண்டு பக்கமும் 30 டிகிரி, பின் ஸ்பீக்கர்னு நாம சொல்றது நெசத்துல பக்கவாட்டு சர்ரவுண்டுதான், 110 டிகிரி, அதாவது காதுக்கு நேர் பக்கத்துல இருந்து லேசாப் பின்னாடி. முன்னாடி இருக்குறது காது உயரம், சர்ரவுண்ட் காதுக்கு மேல ஒரு ஒண்ணு ரெண்டு அடி. சோபா சுவத்த ஒட்டி இருந்தா சர்ரவுண்ட பின் சுவத்துல ஆணி அடிக்காம பக்கச் சுவத்துல மாட்டுங்க. ஒரு பக்கம் சுவரே இல்ல, பால்கனிக் கதவுன்னா ஸ்டாண்டுல வைங்க, ரெண்டும் ஒரே தூரத்துல இருக்கட்டும்.

தூரம் சரியா வராதுன்னா மெனுல டிஸ்டன்ஸ், இல்ல டிலேன்னு இருக்கும். சத்தம் ஒரு அடி கடக்க ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட். முன் ஸ்பீக்கர் 10 அடி, சர்ரவுண்ட் 4 அடின்னா சர்ரவுண்டுக்கு 5 இல்ல 6 மில்லி செகண்ட் டிலே வச்சா எல்லாம் ஒண்ணா வந்து சேரும். டேப் வச்சு அளங்க, குத்துமதிப்பு வேணாம். சின்ன ஸ்பீக்கர்னா மெனுல 'ஸ்மால்'னு வச்சு கிராஸ்ஓவர் இருந்தா 80 ஹெர்ட்ஸ், அதுக்குக் கீழ உள்ளத சப்வூஃபர் பாத்துக்கும். டெஸ்ட் டோன் போட்டு ஒவ்வொரு ஸ்பீக்கர்லயும் அந்த 'ஷ்ஷ்' ஒரே அளவுல கேக்குற மாதிரி லெவல் வைங்க. சப்வூஃபர மூலையில தள்ளுனா வீடே அதிரும், மாடி வீட்டுக்காரர் எறங்கி வருவார். அத நீங்க உக்காருற எடத்துலயே வச்சு பேஸ் உள்ள பாட்டு ஒண்ணு ஓட விட்டுட்டு ஹால்ல தவழ்ந்து போய்ப் பாருங்க, எந்த எடத்துல பேஸ் தெளிவா கேக்குதோ அங்க கொண்டுபோய் வைங்க. புள்ளைங்க சிரிக்கும், பரவால்ல.

இத மட்டும் கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். செட் போட்ட ஒடனே 'ம்ம்ம்'னு ஒரு எரைச்சல் வரும், பல வீட்டுல அது கேபிள் டிவி ஒயர் வழியா வர்றது. கேபிள் ஒயரக் கழட்டிப் பாருங்க, எரைச்சல் நின்னா காரணம் அதுதான், கேபிளுக்கு ஐசொலேட்டர் போட்டா தீரும். அத விட்டுட்டு ஆம்ப்ளிஃபயர் பிளக்குல இருக்குற பெரிய எர்த் பின்ன ஒடச்சு விட்டுட்டு எரைச்சல் போச்சுன்னு சந்தோசமா இருந்த வீட்ட நான் ரெண்டு தடவ பாத்திருக்கேன். ஒரு வீட்டுல டெஸ்டர வச்சா ஆம்ப்ளிஃபயர் பாடி பூரா எரியுது, மூணு வயசுப் பாப்பா அதுமேல கைய வச்சு நிக்குது. பிளக்க புடுங்கிட்டுத்தான் மேல பேசவே ஆரம்பிச்சேன்.

எலியும் இருக்கு. பரண் வழியா ஒயர் எடுத்தா கேசிங் போட்டு எடுங்க.

கடைசியா, என்னைய மாதிரி ஆளக் கூப்புடுறதுக்கு முன்னாடி பிளேயரோட ரிமோட்ட தேடி எடுத்து வைங்க. டவுன்மிக்ஸ், ரா, டிலே எல்லாம் அதுலதான் இருக்கு, பிளேயர் மூஞ்சியில இருக்குற பட்டன்ல பெரும்பாலும் செட்டப் மெனு தொறக்காது. திருநகர் வீட்டுல கூட முக்கால் மணி நேரம் தேடுனோம், சோபா இடுக்குல கெடந்துச்சு, பேட்டரி பொங்கி.