பைக் பேட்டரி: மாற்றுவதற்கு முன் மீட்டரை வையுங்கள்

என் கடையின் பின்சுவரோரம் பழைய பேட்டரிகளை அடுக்கி வைக்கிற மூலை ஒன்று இருக்கிறது. புதுசு வாங்குகிறவர்கள் கழித்துவிட்டுப் போனவை. மாதம் ஒருமுறை டீலரின் ஆட்டோ வந்து எடை போட்டு அள்ளிக்கொண்டு போகும். அதற்கு முந்தின ராத்திரி, வெளியே உப்பிப் போகாமல் நன்றாக இருக்கிற இரண்டு மூன்றைப் பொறுக்கி சார்ஜில் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். காலையில் வந்து மீட்டரை வைத்தால் சிலது 12.7 வோல்ட் காட்டும். வண்டியில் மாட்டி செல்ஃப் அடித்தால் சிணுங்காமல் சுற்றும். சாகிற வயசே வராத பேட்டரிகள். வண்டியில் வேறெங்கோ இருந்த கோளாறுக்கு இவை பலியாகியிருக்கின்றன.

இதை ஊரார் மேல் குறையாகச் சொல்லவில்லை. நானே செய்திருக்கிறேன். திருச்சியில் டூவீலர் எலக்ட்ரிக்கல் வேலைக்கு வந்த புதிதில், பால் ஊற்றுகிற ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். செல்ஃப் பட்டனை அழுத்தினால், மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற சுவிட்சான ரிலே 'கட் கட்' என்று அடித்துக்கொண்டதே தவிர மோட்டார் சுற்றவில்லை. பேட்டரிதான் என்று முடிவு கட்டி புதுசு மாட்டினேன். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. நான்காம் நாள் விடியற்காலை அதே 'கட் கட்'. அப்புறம்தான் நிதானமாகப் பார்த்தேன். நெகட்டிவ் ஒயர் சேஸிஸில், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தில், சேருகிற போல்ட் துருப்பிடித்து லூசாக இருந்தது. பேட்டரி மாற்றும்போது ஒயரை அசைத்ததில் தற்காலிகமாகப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். அவருடைய பழைய பேட்டரியைத் தேடி எடுத்து, சார்ஜ் போட்டு அவருக்கே மாட்டிவிட்டு, வாங்கின காசைத் திருப்பிக் கொடுத்தேன். "மீட்டர் எதுக்குடா வாங்கிக் கொடுத்தேன்?" என்று என் மாஸ்டர் கேட்டது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

அந்த மீட்டரைத்தான் உங்களையும் வாங்கச் சொல்கிறேன். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். டிசி 20 வோல்ட் என்று போட்டிருக்கிற இடத்தில் திருப்பி வைத்து, சிவப்பு முனையை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வைத்தால் போதும்.

மூன்று முறை பார்க்க வேண்டும். முதலில், வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு, சாவி போடாமல். 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். ஆக 12.6-க்கு மேல் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் பட்டினி. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டும் 10.5 பக்கத்திலேயே நின்றால் ஒரு செல் போய்விட்டது என்று அர்த்தம், அதற்கு வைத்தியம் கிடையாது. இரண்டாவது, செல்ஃப் அடிக்கும்போது. எண் சரேலென்று இறங்கும், அது இயல்பு. ஆனால் ஒன்பதரைக்கும் கீழே சரிந்தால் பேட்டரியில் தெம்பு இல்லை. எண் பெரிதாக இறங்காமலே மோட்டார் சுற்றவில்லையா? அப்படியானால் கரண்ட் மோட்டாருக்குப் போய்ச் சேரவே இல்லை. ஒயர், ரிலே, போல்ட் என்று தேட வேண்டும். என் பால்காரர் வண்டி இந்த ரகம்.

மூன்றாவது அளவைத்தான் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. எனக்கு அதுதான் முக்கியம். இன்ஜின் ஓடும்போது ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்தால் பேட்டரி முனையில் பதிமூன்றரையிலிருந்து பதினாலரைக்குள் வர வேண்டும். 13-ஐயே தொடவில்லை என்றால் கரண்ட் உண்டாக்குகிற மேக்னட் காயிலோ, அதை அளவாகக் கட்டுப்படுத்தித் தருகிற ரெகுலேட்டரோ வேலை செய்யவில்லை. புது பேட்டரி போட்டாலும் நாலு நாளில் காலியாகும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கரண்டைக் கட்டுப்படுத்தவில்லை, பேட்டரி கொதித்துச் செத்துக்கொண்டிருக்கிறது.

பள்ளி ஆசிரியை ஒருவர் ஸ்கூட்டரோடு வந்தார். ஒன்றரை வருஷத்துக்குள் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது, இது மூன்றாவது. "கம்பெனியே சரியில்லை போல, வேற கம்பெனி போடுங்கண்ணே" என்றார். கழற்றிப் பார்த்தால் பக்கவாட்டில் பலூன் மாதிரி உப்பியிருக்கிறது. அதைப் பார்த்ததுமே பாதி விடை தெரிந்துவிட்டது. நல்ல பேட்டரி ஒன்றை வைத்து ஸ்டார்ட் செய்து மீட்டரைப் பிடித்தால் 15.8. ரெகுலேட்டரை மாற்றினேன், அளவு பதினாலேகாலில் வந்து நின்றது. எந்தக் கம்பெனி பேட்டரியும் அந்த வண்டியில் பிழைத்திருக்காது. உப்பிய பேட்டரி எடுக்கும் யாரும், மாட்டுகிறவரிடம் சார்ஜிங் வோல்டேஜைக் கேட்காமல் கடையைவிட்டு நகராதீர்கள்.

இன்னொரு கொலையாளி சத்தமே போடாது. வண்டி திருடு போகாமலிருக்க ஜிபிஎஸ், அலாரம், ஹேண்டில்பாரில் மொபைல் சார்ஜர் என்று மாட்டுகிறோமே, அவற்றில் பல சாவியை அணைத்த பிறகும் கரண்ட் குடித்துக்கொண்டேதான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 மில்லி ஆம்பியர் என்பது ஒன்றுமில்லாத மாதிரித் தெரியும். ஒரு நாளைக்கு அது கிட்டத்தட்ட அரை ஆம்பியர்-மணி. பேட்டரியின் கொள்ளளவை இந்தக் கணக்கில்தான் சொல்வார்கள். ஸ்கூட்டரில் இருப்பது மூன்று, நாலு ஆம்பியர்-மணி பேட்டரி. நாலைந்து நாள் வண்டியை எடுக்காவிட்டால் செல்ஃப் அடிக்கத் தெம்பிருக்காது. இப்படிப்பட்ட சாமான்களை சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற லைனில் கொடுக்கச் சொல்லுங்கள். ஜிபிஎஸ்ஸை மட்டும் அப்படிக் கொடுத்தால் அதன் நோக்கமே கெட்டுவிடும். அதற்கு விலை, வண்டியை அடிக்கடி ஓட்டுவதுதான்.

முன்பு பேட்டரி செத்தாலும் கிக்கரை மிதித்து வீடு போய்ச் சேர்ந்துவிடலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் பெரும்பாலான வண்டிகள் ஃபியூயல் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. டாங்கிலிருந்து பெட்ரோலைத் தள்ளுகிற பம்புக்கும், இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற ஈசியூ என்ற கம்ப்யூட்டருக்கும் கரண்ட் வேண்டும். கிக்கரே இல்லாத மாடல்கள் எத்தனையோ. பேட்டரி அடியோடு காலியாகிவிட்டால் தள்ளினாலும் கிளம்பாது. போதாக்குறைக்கு 2017 ஏப்ரலிலிருந்து வந்த புது வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கவே முடியாது. வீட்டிலிருந்து கடைக்கு ஒரு கிலோமீட்டர், அங்கிருந்து பள்ளிக்கூடம் ஒன்றரை என்று நாளைக்குப் பத்துத் தடவை செல்ஃப் அடித்து ஓட்டுகிறவர்களுக்கு, செலவழித்த சார்ஜ் திரும்ப ஏறுவதற்குள் வண்டி நின்றுவிடும். வாரத்தில் ஒரு நாளாவது அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள்.

வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டு வண்டிகள் எங்கள் பக்கம் நிறைய. மகன் துபாயில், பைக் திண்ணையில். அப்பா வாரம் தவறாமல் ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிஷம் உறுமவிட்டு அணைத்துவிடுவார். நல்ல எண்ணம்தான், ஆனால் அந்த இரண்டு நிமிஷத்தில் செல்ஃப் எடுத்ததுகூடத் திரும்பாது. வாரத்துக்கு வாரம் பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். இறங்கின நிலையிலேயே கிடந்தால் உள்ளே தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும், பிறகு சார்ஜ் ஏறாது. ஒரு மாதத்துக்கு மேல் வண்டி நிற்கும் என்றால் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். ஒன்றிரண்டு மாதத்துக்கொருமுறை வெளியே எடுத்து சார்ஜ் போட்டால் போதும். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குதான் சார்ஜ் கரண்ட். 4 ஆம்பியர்-மணிக்கு 0.4 ஆம்பியர். கார் பேட்டரி சார்ஜரில் போட்டு ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

புதுசு வாங்கும்போது 'பெரிசா போட்டா நல்லா இழுக்கும்' என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெட்டியில் உட்காராததைத் திணித்தால் ஒயர் நசுங்கும், ஃபோமை எடுத்துவிட்டு வைத்தால் அதிர்வில் தகடு உடையும். மேக்னட் தருகிற கரண்டும் கூடிவிடாது. வண்டியில் என்ன அளவோ அதையே போடுங்கள். செல்ஃப் உள்ள பழைய புல்லட்டுக்கு 14 ஆம்பியர்-மணி, ஸ்கூட்டருக்கு மூன்றோ நாலோ. பேட்டரி மாடல் எண்ணில் இலக்கத்துக்கு அடுத்து 'எல்' எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். முனைகள் உங்கள் பக்கம் இருக்கும்படி வைத்தால், எல் இருப்பதில் பிளஸ் வலதுபுறம். மாற்றி வாங்கி ஒயரை இழுத்துப் பிடித்துத் தலைகீழாக மாட்டினால் ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம். ஈசியூ போனால் பேட்டரியைப் போல் பல மடங்கு செலவு. தயாரித்த மாதத்தையும் பாருங்கள். மாட்டுவதற்கு முன் உங்கள் கண் முன்னால் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். அலமாரியில் நாள்பட்டுக் கிடந்து 12.3 காட்டுவதை அப்படியே வாங்காதீர்கள், சார்ஜ் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஆசிட் ஊற்றுகிற வகையென்றால் ஊற்றி அரை மணி நேரமாவது ஊறவிட்டு, சார்ஜ் ஏற்றித்தான் மாட்ட வேண்டும். ஊற்றின கையோடு மாட்டினால் அந்த பேட்டரி கடைசிவரை முழுத் தெம்புக்கு வராது.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. தண்ணீர் ஊற்றத் திறக்கிற மூடிகள் உள்ள வகையில் தண்ணீர் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவில் இருக்கட்டும். குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஆசிட் கூடாது, குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. சித்திரை வெயிலில் மாதம் ஒருமுறை பாருங்கள். குளிரில் பேட்டரி படுத்துக்கொள்ளும் என்று இணையத்தில் படித்துவிட்டு மார்கழியில் கேட்பார்கள். நம் ஊரில் கொல்வது வெயில்தான். வெப்பம் ஏற ஏற உள்ளே தகடு அரிப்பதும் தண்ணீர் வற்றுவதும் வேகமாகும். சீல் செய்த பேட்டரியை மட்டும் நெம்பித் திறக்காதீர்கள். முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சோடா உப்புக் கரைத்த வெந்நீரில் பழைய பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, இறுக்கி, மேலே லேசாக வாசலின் தடவுங்கள். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். பாடி முழுக்க மைனஸ்தான். பிளஸ்ஸை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் சேஸிஸில் பட்டால் வெல்டிங் மாதிரிப் பொறி பறக்கும். என் இடது கை விரலில் அதன் தழும்பு இருக்கிறது.

வெள்ளத்தில் வண்டி மூழ்கினால், தண்ணீர் வடிந்ததும் முதலில் கழற்ற வேண்டியது அந்த மைனஸ் ஒயரைத்தான். சாவியைப் போட்டுப் பார்க்கிற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், பழைய பேட்டரி. அதைக் காயலான் கடையில் போட்டால் ஆசிட்டைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு ஈயத்தை மட்டும் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஈயம் மண்ணிலும் குழந்தைகள் ரத்தத்திலும் போய்ச் சேருகிற விஷம். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளர் பொறுப்பு. புதுசு வாங்குகிற கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடுங்கள், அதற்கான தொகையைப் பில்லில் கழித்திருக்கிறார்களா என்று பாருங்கள். வாரண்டி கார்டில் தேதியும் கடை சீலும் வாங்கி, பில்லோடு சேர்த்து மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் டூல் பெட்டிக்குள் வைத்த பில், மழையில் கரைந்து மாவாகிக் கைக்கு வருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.