பயோசென்சர் முடிவை மட்டும் நம்பிச் சிப்பி எடுக்காதீர்கள்

ஒளியின் மாற்றத்தை வைத்து நச்சை அளக்கும் சிறு கருவியான ஒளியியல் பயோசென்சரில் சோதித்து, நச்சு இல்லை என்று அச்சிட்ட தாளோடு போன ஒரு சிப்பி வளர்ப்பாளரை அதிகாரிகள் மூன்று மேசைக்கு அலையவிட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ‘இது செல்லாது’ என்றார்கள். ஏன் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கடலின் நுண்பாசிகளைத் தின்னும் சிப்பிக்குள் சேரும் நச்சுகளுக்கு வரம்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 853/2004 விதிப்படி, ஒரு கிலோ சிப்பியில் சாக்ஸிடாக்ஸின் வகை 800 மைக்ரோகிராம், ஒக்கடாயிக் அமில வகை 160 மைக்ரோகிராம், டோமோயிக் அமிலம் 20 மில்லிகிராம். தாண்டினால் விற்கக் கூடாது. வேகவைத்தாலும் இந்த நச்சுகள் போகாது.

அறுவடைப் பகுதியைத் திறப்பதும் மூடுவதும் அதிகாரபூர்வ கண்காணிப்பை வைத்துத்தான். உங்கள் சொந்தச் சோதனையையும் அதிகாரிகள் கணக்கில் எடுக்கலாம், விதியிலேயே இடமிருக்கிறது. ஆனால் சோதித்த ஆய்வகம் அவர்கள் நியமித்ததாக இருக்க வேண்டும். மாதிரி எடுக்கும் முறையை முன்கூட்டியே ஒப்புக்கொண்டீர்களா என்றும் கேட்பார்கள். சோதித்துவிட்டு அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். முதலில் கடிதம் எழுதி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்வழியாகச் சொன்ன ‘சரி’ அடுத்த வாரம் இருக்காது.

கருவியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பெரும்பாலும் தங்கம் பூசிய சில்லில் நச்சை ஒட்டி வைத்திருப்பார்கள். சிப்பிச் சாற்றில் எதிர்ப்பொருளை, அதாவது அந்த நச்சைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தை, கலந்து அதன்மேல் ஓடவிடுவார்கள். சாற்றில் நச்சு இருந்தால் எதிர்ப்பொருள் அதையே பிடித்துக்கொள்ளும், சில்லுக்குப் போய்ச் சேருவது குறையும். ஆக, சிக்னல் குறைந்தால் நச்சு அதிகம். இதைத் தலைகீழாகப் படித்து நிம்மதியாக இருந்தவர்களும் உண்டு.

சாக்ஸிடாக்ஸினுக்குச் செய்த எதிர்ப்பொருள்கள் பலவும் அதே வகையைச் சேர்ந்த நியோசாக்ஸிடாக்ஸினைச் சரியாகப் பிடிப்பதில்லை. விதியோ இரண்டையும் கூட்டித்தான் பார்க்கிறது. ஒக்கடாயிக் வகையில் கொழுப்பு அமிலத்தோடு ஒட்டிய வடிவங்கள் உண்டு. சாற்றில் காரம் சேர்த்துச் சூடாக்கிப் பிரிக்காவிட்டால் அவை தப்பிவிடும். ஆய்வகத்திடம் இந்த இரண்டையும் கட்டாயம் கேளுங்கள்.

ஒக்கடாயிக் வகையில் முடிவுகள் முரண்பட்டால் எல்சி-எம்எஸ்/எம்எஸ் (நச்சுகளைப் பிரித்து, அவற்றின் நிறையை வைத்து அடையாளம் காணும் ஆய்வக முறை) முடிவே நிற்கும். அதற்காக, அரைத்த மாதிரியில் ஒரு பகுதியைச் சீல் வைத்து உறையவைத்திருங்கள்.

அறுவடைப் பகுதியை மூடிவிட்டால், மறுபடி திறக்க, குறைந்தது 48 மணி நேர இடைவெளியில் தொடர்ந்து இரண்டு முடிவுகள் வரம்புக்குக் கீழே வர வேண்டும். ஒரு நல்ல முடிவு வந்ததுமே லாரியைக் கூப்பிட்டு நஷ்டப்பட்டவரை எனக்குத் தெரியும். பயோசென்சர் கைகொடுப்பது இந்த இடத்தில்தான். அடிக்கடி நீங்களே சோதித்து, அளவு இறங்குகிறது என்று தெரிந்த அன்றே அதிகாரபூர்வ மாதிரி எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். தேதி முத்திரை போட்ட நகலை வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.