தூக்குவாளியில் வரும் ஆட்டுக்கால் சூப்பு

எங்கள் ஆஸ்பத்திரியில் இந்த மாதத்தில் இது மூன்றாவது கேஸ். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், 31 வயது, இன்னும் குழந்தை இல்லை. கர்ப்பப்பையின் உள்சவ்வில் ஆரம்பநிலைப் புற்று. கர்ப்பப்பையை எடுக்காமல் ஹார்மோன் மாத்திரையில் பார்க்கலாம் என்று முடிவானபோது எடை 84 கிலோ. மூன்று மாதம் கழித்துச் சதைப் பரிசோதனைக்கு வந்தபோது 91. செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறிப் பார்த்தார். 91தான்.

மாமியார் கையில் தூக்குவாளி. "ஆட்டுக்கால் சூப்பு மேடம். கேன்சர்னு ஆனப்புறம் உடம்பைத் தேத்தணும்ல?"

தேத்த வேண்டாம்மா! புற்றுநோய் எல்லாம் ஒன்றல்ல. உணவுக்குழாயில் புற்று வந்த பக்கத்து வீட்டுக்காரருக்குத் தண்ணீர்கூட இறங்காது. அவருக்கு எடை கூட்டத்தான் நாங்களே மல்லுக்கட்டுகிறோம். உங்கள் மருமகளுக்கு நோயை வளர்த்ததில் அந்தக் கூடுதல் எடைக்கே பங்கு உண்டு. உடம்புக் கொழுப்பு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை உண்டாக்கும். மாத்திரை ஒரு பக்கம் உள்சவ்வை அடக்க, இது மறுபக்கம் கிளப்பிவிடும். எடை கூடினால் அப்புறம் கரு தங்குவதும் சிரமம். உங்கள் மருமகளுக்குக் கீமோவும் இல்லை, ரத்தமும் குறையவில்லை. எதைத் தேத்துவது?

இந்த மாத்திரை அகோரப் பசியைக் கிளப்பும். அதை முதல் நாளே அழுத்திச் சொல்லாதது எங்கள் பக்கத்துத் தப்பு. பசிக்கிறதே என்று மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நாலு மணிக்குச் சுண்டல், மோர். ராத்திரி வீட்டுக்காரர் வாங்கி வரும் பரோட்டாவுக்கு வீட்டுக்குள் அனுமதி இல்லை. சோறு ஒரு கரண்டி, காய் இரண்டு கரண்டி, முட்டையோ மீனோ கட்டாயம். கருப்பட்டியும் இனிப்புதான், பார்க்க வருகிறவர்கள் தரும் சத்து பவுடர் டப்பாக்களும் அப்படியே. தினம் முக்கால் மணி நேரம் நடங்க.

இதற்கு நேர்மாறாக, பட்டினி கிடந்து ஜூஸ் மட்டும் குடித்துவிட்டு மயங்கி வந்தவர்களும் உண்டு. அதுவும் வேண்டாம். வாரம் அரைக் கிலோ இறங்கினால் போதும். முதல் இலக்கு ஐந்து கிலோ.

பரிசோதனைத் தேதியைத் தள்ளாதீர்கள். திருவிழா, விசேஷம் என்று காரணம் சொன்னால் எனக்குக் கோபம் வரும். கர்ப்பப்பையை விட்டு வைத்திருப்பது குழந்தைக்காக, கொஞ்ச காலத்துக்குத்தான். நோய் அடங்கியதும் தாமதிக்காமல் குழந்தைக்கு முயல வேண்டும். பெற்ற பிறகு கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்வோம்.

மாமியாரம்மா, கிடாவெட்டுக்குக் கூட்டிப் போகாதீங்கன்னு நான் சொல்லலை. கறி நாலு துண்டு வைங்க. சோத்தை மட்டும் ரெண்டாந்தடவை வைக்காதீங்க, தாயி.