மீன் தொட்டித் தண்ணீரின் கடினத்தைக் குறைப்பது எப்படி?

போர் தண்ணீர் ஊற்றும் மீன் தொட்டியில், நீர்மட்டம் நிற்கும் இடத்தில் கொஞ்ச நாளிலேயே வெள்ளையாக ஒரு கோடு படிந்துவிடும். ஈரத்துணியால் துடைத்தால் போகாது; வினிகர் தொட்டால் நுரைத்துக்கொண்டு கரையும். சுண்ணாம்புதான் அது. தண்ணீர் ஆவியாகிவிட, கரைந்திருந்த கால்சியம் கண்ணாடியில் தங்கிவிடுகிறது.

இதைப் பார்த்துப் பயந்து சென்னை கொளத்தூர் கலர் மீன் கடைகளில் தண்ணீரை மென்மையாக்க மருந்து கேட்பவர்கள் உண்டு. பல நேரம் தேவையே இல்லை. கப்பி, மோலி, பிளாட்டி எல்லாம் கடின நீரில், அதாவது கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த நீரில்தான் தெம்பாக இருக்கும். அமேசானின் கிளை நதியான ரியோ நெக்ரோவில் இருந்து வந்த கார்டினல் டெட்ரா, டிஸ்கஸ் போன்றவைதான் மென்னீர் மீன்கள். பண்ணையில் பிறந்த டிஸ்கஸ்கூட ஓரளவு கடினத்தைத் தாங்கும். முட்டை பொரிக்க வேண்டும் என்றால்தான் மென்னீர் கட்டாயம்.

சரி, குறைத்தே ஆக வேண்டும் என்றால் எதைக் குறைக்கிறோம் என்று தெரிய வேண்டும். கால்சியம், மெக்னீசியம் இரண்டும் சேர்ந்த அளவு ஜி.எச். பைகார்பனேட்டின் அளவு கே.எச். இரண்டையும் டிகிரியில் சொல்வார்கள். ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு 17.8 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 200 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. அதாவது 11 டிகிரியில் இருந்து 34 டிகிரி வரை. டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் உத்தேசமாகக் காட்டும். கடினத்தன்மைக்கு, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிட்தான் சரி.

இதில் மீனின் உயிரோடு விளையாடுவது கே.எச். மீன் கழிவில் வரும் அமோனியாவை ஃபில்டரில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அப்போது அமிலம் உருவாகிறது. அதைப் பைகார்பனேட் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. 1 கிராம் அமோனியா நைட்ரஜனுக்கு, கால்சியம் கார்பனேட் கணக்கில் 7 கிராம் காரத்தன்மை காலியாகும். கே.எச். தீர்ந்துவிட்டால் பி.எச். (அமில-கார அளவு) மளமளவென்று சரியும், பாக்டீரியாக்கள் சோர்ந்துபோகும், அமோனியா சேரும். அமில நீரில் அது அமோனியம் என்ற, அவ்வளவாக நஞ்சில்லாத வடிவில் இருப்பதால் மீன் எப்படியோ ஓட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்து யாராவது பாதித் தொட்டிக்குப் போர் தண்ணீரை ஊற்றுவார்கள். பி.எச். ஏறியதும் அமோனியத்தில் ஒரு பங்கு நஞ்சான அமோனியாவாக மாறிவிடும். 'தண்ணீர் மாற்றினேன், மீன் செத்துப்போச்சு' என்ற புலம்பலுக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான்.

பி.எச். குறைக்கும் அமிலச் சொட்டுகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அமிலம் பைகார்பனேட்டைத்தான் தின்னும். கால்சியம் அப்படியே இருக்கும். வீட்டுக்குப் பொருத்தும் வாட்டர் சாஃப்ட்னரும் ஏமாற்று வேலைதான்: ஒரு கால்சியம் அயனியை எடுத்துக்கொண்டு இரண்டு சோடியம் அயனிகளை விடுகிறது, மொத்த உப்பு குறையாது. கொதிக்க வைத்தால், பள்ளியில் படித்த, பைகார்பனேட்டால் வரும் தற்காலிகக் கடினத்தன்மை மட்டும் போகும்; சல்ஃபேட்டும் குளோரைடும் அசையாது. காய்ந்த பாதாம் இலை தண்ணீருக்குத் தேநீர் நிறமும் லேசான அமிலத்தன்மையும் தரும், அவ்வளவுதான். மழைநீர் நல்லது. ஆனால் முதல் மழையில் மொட்டைமாடித் தூசு வரும், சிமென்ட் தொட்டியில் தேக்கினால் சுண்ணாம்பு ஏறும்.

நம்பகமான வழி, ஆர்.ஓ. நீரைச் சேர்த்துக் கடினத்தைக் குறைப்பது. குழாய் நீர் 20 டிகிரி, ஆர்.ஓ. நீர் ஏறக்குறைய பூஜ்யம் என்றால், மூன்று பங்கு ஆர்.ஓ., ஒரு பங்கு குழாய் நீர் கலந்தால் 5 டிகிரி. வீட்டு ஆர்.ஓ. மெஷின் பலவற்றில் சுவைக்காகக் கொஞ்சம் ஆர்.ஓ. செய்யாத தண்ணீரைக் கலந்துவிடுவார்கள், அதனால் அளந்து பார்த்துவிட்டே கணக்குப் போடுங்கள். வீணாக வெளியேறும் குழாயில் வருவது இன்னும் கடினமான நீர். அது தரை துடைக்க. தனி ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்றி வளர்த்தால் கே.எச். இருக்காது, மேலே சொன்ன வம்பு வரும். சாதாரணக் கலப்பு மீன் தொட்டிக்கு மூன்று நான்கு டிகிரி கே.எச். விட்டு வையுங்கள். கார்ப்பரேஷன் தண்ணீர் கலந்தால் குளோரினை நீக்கும் மருந்து விட மறக்கக் கூடாது.

அவசரப்படவும் கூடாது. நன்னீர் மீனின் இரத்தம் சுற்றியுள்ள நீரைவிட உப்பானது. அதனால் செவுள் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும். மீன் அதைச் சிறுநீராக வெளியேற்றிக்கொண்டும், உப்பைச் செவுளால் திரும்பப் பிடித்துக்கொண்டும் இருக்கும். வெளிநீரின் உப்பு திடீரென்று குறைந்தால் இந்த வேலை தடுமாறும். ஒவ்வொரு முறையும் 15 சதவீதம் மட்டும் எடுத்துவிட்டு ஆர்.ஓ. நீர் ஊற்றினால் 20 டிகிரி 17 ஆகும், அடுத்த முறை 14.5 ஆகும். இடையில் சில நாள் விட்டு, வேண்டிய அளவுக்கு வந்ததும் கலவைக்கு மாறிவிடலாம்.

இவ்வளவு செய்தும் அளவு ஏறுகிறதென்றால் தொட்டிக்குள் பாருங்கள். சிப்பி, பவளத் துண்டு, மார்பிள் எல்லாமே சுண்ணாம்புதான். சந்தேகமான கல்லை வெளியே எடுத்து வினிகர் விட்டால் நுரை காட்டிக்கொடுக்கும். அப்புறம், ஆவியாகிக் குறைந்த நீருக்குப் பதில் குழாய் நீரை ஊற்றினால் ஒவ்வொரு முறையும் கால்சியம் கூடும். அந்த இடத்தை ஆர்.ஓ. நீரால் மட்டும் நிரப்புங்கள். வாரா வாரம் மாற்றும் தண்ணீருக்குத்தான் கலவை.